ஏறக்குறைய ஒரே உயரம்

ஜூன் 9, திங்கள்

உலகம்மாள் காலை பஸ்ஸில் கோயம்புத்தூர் போய்விட்டாள். மகள் அபிராமி வீட்டில் ஒரு வாரம் இருந்துவிட்டு வருவாள். அவளுடைய முதுகுவலிக்கு அங்கே நல்ல டாக்டர் இருக்கிறாராம். வேறு காரணம் எதுவும் இல்லை. இருக்கிற சேலைகளில் முக்கால்வாசியை எடுத்துக்கொண்டு போனதற்குக் காரணம், கோயம்புத்தூரில் துணி சீக்கிரம் காயாது என்பதுதான்.

மருமகன் புதுவருஷத்துக்குத் தந்த டைரி ஆறு மாதமாகச் சும்மா கிடந்தது. பெண்டாட்டி இல்லாவிட்டால் ஆண்பிள்ளை ஒரு நாள் தாங்கமாட்டான் என்று சொல்லித் திரிகிறவர்களுக்கு ஓர் ஆதாரம் இருக்கட்டும் என்று இன்றிலிருந்து எழுதுகிறேன். தென்காசி தாலுகாவில் நான் சங்கிலி இழுத்து அளக்காத வயல் இல்லை, தீர்க்காத வரப்புத் தகராறு இல்லை. ஓய்வுபெற்ற சர்வேயர் குற்றாலலிங்கத்துக்கு ஓர் அடுப்பங்கரை எம்மாத்திரம்?

மத்தியானம் ரசம் வைத்தேன். புளி சற்றுக் கூடிவிட்டது. கழுவும்போது பார்த்தால் பாத்திரத்தின் உட்பக்கம் புதிதுபோல் மின்னுகிறது. அதுவும் ஒரு லாபம்தான்.

ஜூன் 10, செவ்வாய்

பக்கத்து வீட்டு ஆறுமுகத்தாய் மதினி மதில்மேல் கையை ஊன்றிக்கொண்டு விசாரித்தார். வயது எழுபது. காதுக்கு மட்டும் இருபது.

"என்ன தம்பி, ஆடி பொறக்க இன்னும் ஒரு மாசம் கெடக்கு. அதுக்குள்ள பொண்ண அழைச்சிட்டுப் போயிட்டாவளா?"

ஆடிக்கு அழைத்துப் போவது புதுப்பெண்ணை. உலகம்மாளுக்கு வயது ஐம்பத்தேழு.

"முதுகுவலி மதினி. டாக்டரைப் பாக்கப் போயிருக்கா."

"அதான பாத்தேன். முதுகுவலிக்காரி அம்மாம் பெரிய பெட்டியத் தூக்கிட்டுப் போறாளேன்னு."

மதிலை இன்னும் ஓர் அடி உயர்த்திக் கட்டியிருக்க வேண்டும்.

ஜூன் 11, புதன்

சோறு குழைந்துவிட்டது. கஞ்சி உடம்புக்கு நல்லது.

ஜூன் 13, வெள்ளி

அபிராமிக்குப் போன் செய்தேன். அம்மா கோயிலுக்குப் போயிருக்கிறாள் என்றாள். அப்படிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பின்னாலிருந்து உலகம்மாள் குரல் கேட்டது: "கறிவேப்பிலைக்கு மோர் ஊத்துனாவளான்னு கேளு."

"அப்பா, கறிவேப்பிலைக்கு மோர் ஊத்துனீங்களா?"

"கோயில்லேருந்து கேக்காளா?"

மகள் பேச்சை மாற்றி, வேலை இருக்கிறது என்று வைத்துவிட்டாள்.

காரியம் ஆனதும் கறிவேப்பிலை மாதிரி தூக்கி எறிந்துவிட்டார்கள் என்று ஊரில் சொல்வார்கள். என் வீட்டில் கறிவேப்பிலையை யாரும் எறியவில்லை. அதற்கு விசாரிப்பு இருக்கிறது, மோர் இருக்கிறது. நான் சாப்பிட்டேனா என்று கேட்க நாதி இல்லை.

மோர் ஊற்றவில்லை. நாளை பார்க்கலாம்.

ஜூன் 15, ஞாயிறு

சாரல் தொடங்கிவிட்டது. குற்றாலத்துக்கு ஊரே போகிறது. நான் கொல்லைக்குப் போனேன். பாகற்கொடி பந்தலை விட்டு இறங்கித் துணிக்கொடியில் ஏறி, என் வேட்டியைச் சுற்றிக்கொண்டிருந்தது. வெண்டை முற்றிக் கட்டையாகிவிட்டது. பறித்து அரிந்தேன், அரிவாள்மணை பல்லிளித்தது. கறிவேப்பிலைக்குப் புளித்த மோர் ஊற்றினேன். அது நன்றி சொல்லவில்லை. வளர்த்தவள் குணம் அப்படியே இருக்கிறது.

இடுப்பில் ஒரு பிடிப்பு. களை பறித்ததால் இருக்கும்.

ஜூன் 17, செவ்வாய்

இன்று களை பறிக்கவில்லை. ஆனாலும் இடுப்பு வலிக்கிறது. ஃபேன் காற்றாக இருக்கலாம். மதினி மதில் வழியாகத் தைலம் நீட்டினார். "அடுப்பங்கரையில ரொம்ப நேரம் நிக்காதிய தம்பி" என்றார். எனக்கும் ஃபேனுக்கும் நடுவில் இவர் ஏன் வருகிறார்?

ஜூன் 19, வியாழன்

அடுப்பங்கரையைப் பற்றி எழுதிவிடுகிறேன், பின்னால் பேச்சு வரக்கூடாது. வீடு அப்பா கட்டியது. முதலில் தரையில்தான் சமையல். காஸ் அடுப்பு வந்தபோது அம்மா ஆசாரியை நிற்கவைத்து, தன் இடுப்பைத் தொட்டுக் காட்டி மேடை போட்டுக்கொண்டாள். அம்மா நாலடி எட்டங்குலம். அவளுக்கு அந்த மேடை அளவெடுத்துத் தைத்த ரவிக்கை மாதிரி இருந்தது. மேலே கடப்பாக்கல், இன்றுவரை ஒரு கீறல் இல்லை.

உலகம்மாள் கல்யாணமாகி வந்த முதல் வருஷமே மேடை பதிந்து கிடக்கிறது, உயர்த்த வேண்டும் என்றாள். அப்புறம் வெள்ளையடிக்கும்போதெல்லாம் சொல்வாள். நானும் விடாமல் பதில் சொல்வேன்: "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்." நல்ல பழமொழி. முப்பத்து மூன்று வருஷம் வேலை செய்தது.

அவள் கொஞ்சம் வளர்ந்த பெண். என்னைவிட என்று சொல்ல முடியாது. ஏறக்குறைய ஒரே உயரம். கூடத்தில் மாட்டியிருக்கும் கல்யாண போட்டோவைப் பார்க்கிற யாருக்கும் தெரியும், மாலையோடு நான்தான் அரை அங்குலம் உயர்ந்து நிற்கிறேன். போட்டோ பொய் சொல்லாது.

ஜூன் 21, சனி

பாத்திரம் கழுவினேன். கழுவி முடித்து நிமிர முடியவில்லை. அரைமணி நேரம் கேள்விக்குறி மாதிரி நடந்தேன்.

ஜூன் 22, ஞாயிறு

ஒரு வாரம் என்று போனவள். இன்று இரண்டாவது ஞாயிறு.

போன் செய்தேன். அபிராமி என் மகளாகப் பேசவில்லை, உலகம்மாளின் வக்கீலாகப் பேசினாள்.

"அன்னைக்கு நீங்க சொன்னது தப்புப்பா."

"என்ன சொன்னேன்? ஒரு தமாஷ்."

"அவர் முன்னால சொன்னீங்களே."

அவர் என்றால் மருமகன். போன எட்டாம் தேதி மகளும் மருமகனும் வந்திருந்தார்கள். உலகம்மாள் தோசை சுட்டுக்கொண்டே மேடை புராணத்தை ஆரம்பித்தாள். முதுகு ஒடிகிறது என்றாள். நான் மருமகனிடம் ஒரு வார்த்தை வேடிக்கையாகச் சொன்னேன், மருமகனும் சிரித்தார். அதற்காகவா ஒருத்தி பெட்டி கட்டுவாள்?

ஜூன் 24, செவ்வாய்

யூடியூபில் ஒரு பெண் பத்து நிமிஷத்தில் சொதி வைக்கிறாள். நானும் வைத்தேன். தேங்காயைத் துருவி முதல் பால், இரண்டாம் பால், மூன்றாம் பால் என்று தனித்தனியாக எடுத்தேன். அளவில் எனக்குத் தப்பு வராது. கடைசியில் கொதிக்கக் கொதிக்க எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தேன். அந்தப் பெண் அடுப்பை அணைத்துவிட்டுப் பிழியச் சொல்லியிருக்கிறாள். நான் அந்த இடத்தில் வீடியோவை ஓட்டிவிட்டேன். மொத்தமும் திரிந்து தண்ணீர் வேறு, பால் வேறாகப் பாகப்பிரிவினை செய்துகொண்டது.

எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு மறுநாள் பெண்வீட்டார் போடும் விருந்து மறுவீட்டுச் சொதி. உலகம்மாள் வீட்டில் அன்று போட்டது இன்றும் நாக்கில் இருக்கிறது. திரிந்ததைச் சோற்றில் ஊற்றிச் சாப்பிட்டேன். அந்த ஞாபகத்தைத் தொட்டுக்கொண்டேன்.

ஜூன் 26, வியாழன்

சாரலில் அடுப்பங்கரைச் சுவரில் ஓதம் ஏறி ஈரம் கசிகிறது. பூச்சை உதிர்த்துப் புதிதாகப் பூச வேண்டும். அந்த வேலையோடு வேலையாக மேடையையும் கொஞ்சம் உயர்த்திவிடலாம் என்று நினைக்கிறேன். ஓதத்துக்கு அது நல்லது.

கொத்தனார் முத்துமாலையை வரச் சொன்னேன். கையில் செல்போன், காதில் பீடி. மேடையைத் தட்டிப் பார்த்தார்.

"எம்புட்டு உசத்தணும் சார்?"

"வழக்கமா வைக்கிறத வையும்."

"நின்னு சமைக்கிறவங்க உசரத்துக்குத்தான் வைக்கிறது. அம்மா உசரம் என்ன?"

"என் உசரம்தான். ஏறக்குறைய."

முத்துமாலை என்னைப் பார்த்தார். உலகம்மாளை அவருக்கு இருபது வருஷமாகத் தெரியும். பிறகு "சரி சார்" என்றார். அந்த 'சரி சார்' எனக்குப் பிடிக்கவில்லை.

ஜூன் 29, ஞாயிறு

அவள் வராமலே இருந்துவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது. இந்தத் தாளைக் கிழித்துவிட வேண்டும்.

ஜூலை 2, புதன்

முத்துமாலை வரவில்லை. துட்டி வீடாம். முத்துமாலைக்குச் சொந்தக்காரர்கள் அதிகம், அவர்களுக்கு ஆயுள் கம்மி. ஒப்புக்கொண்ட நாளிலிருந்து இது மூன்றாவது சாவு.

அடுப்பைப் பின்கட்டுக்கு மாற்றிவிட்டேன். பின்கட்டில் இருப்பது உலகம்மாளின் கண்ணாடி. நான் அதில் முகம் பார்ப்பதில்லை, அங்கே வெளிச்சம் பத்தாது. என் கண்ணாடி ஜன்னலோரம் தனியாக, சற்றுத் தாழ்வாக இருக்கிறது.

ஜூலை 4, வெள்ளி

கடப்பாக்கல்லைத் தூக்கிவிட்டார்கள். அம்மாவின் மேடை வெறும் செங்கலாக நிற்கிறது. மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. முத்துமாலை என்னை அதன் முன் நிற்கவைத்து, என் இடுப்புக்குச் சற்று மேலே சுவரில் பென்சிலால் கோடு போட்டார்.

"இதான சார் அளவு?"

"அதேதான்."

மதில்மேல் மதினியின் தலை. நான் பார்த்ததும் கருவாடு காயப்போடுகிற மாதிரி ஒரு பாவனை. அவர்கள் வீட்டில் சுத்த சைவம்.

ஜூலை 5, சனி

முத்துமாலை புதுச் செங்கல் வரிகளைக் கட்டத் தொடங்கினார். கலவை கரைத்த நேரத்தில், வெள்ளையடிக்கத் தோதாக சமைப்பவர் முகத்துக்கு நேரே இருக்கும் சுவரை நான் சுரண்டினேன். சுவரில் உலகம்மாளின் ஸ்டிக்கர் பொட்டுகள். அடுப்பு வெக்கையில் நெற்றி வேர்த்ததும் கழன்று குழம்பில் விழுமே என்று எடுத்துச் சுவரில் ஒட்டிவிடுவாள், அப்புறம் மறந்துவிடுவாள். சிவப்பு, மெரூன், கறுப்பு, புகையில் நிறம் போனது என்று ஒரு கூட்டமே இருந்தது.

கரண்டியால் இரண்டைச் சுரண்டிவிட்டு நின்றேன். இவ்வளவு தாழ்வாக ஏன் ஒட்டியிருக்கிறாள்? எல்லாம் என் மார்புக்கு நேராக இருந்தன. பொட்டை எடுக்கிறவள் கண்ணுக்கு நேராகத்தானே ஒட்டுவாள்? பின்கட்டுக்குப் போனேன். அவள் கண்ணாடி ஓரத்திலும் பொட்டுகள். குளிக்கப் போகும்போது எடுத்து ஒட்டியவை. அவற்றை நேருக்கு நேர் பார்க்க நான் குதிகாலைத் தூக்க வேண்டியிருந்தது.

டேப்பை எடுத்தேன். சர்வேயர் புத்தி, வேறென்ன.

அளந்தேன். எழுத வேண்டியதில்லை.

ஜூலை 6, ஞாயிறு

கண்ணாடிப் பொட்டுக்கும் அடுப்பங்கரைப் பொட்டுக்கும் வித்தியாசம் ஓர் அடி இரண்டு அங்குலம். மூன்று தடவை அளந்தேன். அவ்வளவு தூரம் ஒரு மனுஷி காலையும் மாலையும் வளைந்திருக்கிறாள்.

கூடம் கோணல்தான்.

மருமகனிடம் அன்று நான் சொன்னதையும் எழுதிவிடுகிறேன். "தென்னை மாதிரி வளந்தது மேடை குத்தமா மாப்ளே? பொம்பளைன்னா கொஞ்சம் குனியத்தான் வேணும்." மருமகன் சிரித்தார் என்று எழுதியிருந்தேன். அவர் தோசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிரித்தது நான்.

ஜூலை 7, திங்கள்

முத்துமாலை மேலும் ஒரு வரி வைத்து, மட்டப்பலகை போட்டு, கல்லை ஏற்றலாமா என்றார்.

"இன்னும் உசத்தணும்" என்றேன்.

"கோடு வரைக்கும் வந்தாச்சே சார். ஒங்க அளவு."

"என் அளவு வேண்டாம்."

"ஏறக்குறைய ஒரே உசரம்னியள்லா?"

மதில்மேல் மதினி. இம்முறை பாவனைகூட இல்லை, காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். எத்தனையோ வரப்புத் தகராறில் அரிவாளோடு நின்றவர்கள் நடுவில் அளவைச் சத்தமாகப் படித்திருக்கிறேன். அன்றெல்லாம் யார் காதில் விழுகிறது என்று பார்த்ததில்லை.

"அவ என்னைவிட உசரம்" என்றேன். கேட்டிருக்காதோ என்று இன்னொரு தடவையும் சொன்னேன். "மூணு அங்குலம்."

வானம் இடிந்து விழவில்லை. முத்துமாலை பென்சிலை நக்கிக்கொண்டு, "இத மொதல்லயே சொல்லியிருந்தா ஒரு நா வேல மிச்சம்" என்றார். மதினி மட்டும், "எங்களுக்குத் தெரிஞ்சதுதான தம்பி" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். எல்லாருக்கும் தெரிந்த ஒன்றை இத்தனை வருஷம் நான் காவல் காத்திருக்கிறேன்.

ஜூலை 10, வியாழன்

கல் ஏறியது. வெள்ளையும் அடித்தாயிற்று. ஆடிக்கு முன்னால் வேலை முடிந்தது. முத்துமாலையின் மிச்சச் சொந்தங்கள் பிழைத்தார்கள்.

அபிராமியிடம் ஒன்றும் சொல்லவில்லை. மேடையை உயர்த்திவிட்டேன், வா என்று கூப்பிட்டால் அது பேரம் பேசுகிற மாதிரி இருக்கும். கூப்பிடாவிட்டால் அவளுக்கு எப்படித் தெரியும்? இதை நான் யோசித்திருக்கவில்லை.

ஜூலை 11, வெள்ளி

ஒரு சிறு சங்கடம். புது மேடையில் அடுப்பை வைத்தால் வாணலிக்குள் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. கடுகு வெடிக்கிற சத்தத்தை வைத்துக் குத்துமதிப்பாகச் சமைத்தேன். மச்சில் ஏறித் தேடியதில் ஒரு பழைய பலாமரத்து மணைப்பலகை கிடைத்தது. காலுக்கடியில் போட்டுக்கொண்டேன். தரை ஈரமாக இருக்கிறது, வெறுங்காலோடு நிற்பது கூடாது.

ஜூலை 13, ஞாயிறு

காலையில் ஆட்டோச் சத்தம். உலகம்மாள். கையில் ஒரு சின்னப் பை மட்டும். பெரிய பெட்டி இல்லை என்பதை நான் முதலில் பார்த்தேன்.

"ரெண்டு நாள் இருந்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்றாள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே கொல்லைக்குப் போனாள். கறிவேப்பிலைத் தூரை விரலால் கிளறி மோந்து பார்த்தாள். துணிக்கொடியிலிருந்து பாகற்கொடியைப் பிரித்துப் பந்தலில் விட்டாள். பிறகுதான் அடுப்பங்கரை. அங்கே ஆச்சரியப்படுகிற முகமே அவளுக்கு இல்லை.

"மதினி போட்டோ அனுப்பிட்டே இருந்தாவ" என்றாள். "திங்கக்கிழமை நீங்க சொன்னத ரெக்கார்டு பண்ணியும் அனுப்புனாவ."

எழுபது வயசு. செல்போனில் இதெல்லாம் யார் சொல்லித் தந்தார்களோ.

உலகம்மாள் மேடைமேல் இரண்டு கையையும் வைத்தாள். நிமிர்ந்து நின்றாள். இந்த அடுப்பங்கரையில் அவள் நிமிர்ந்து நின்று நான் பார்த்ததே இல்லை. நல்ல உயரம். அழகாகவும் இருந்தாள். துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். சுண்ணாம்பு வாடை ஒத்துக்கொள்ளவில்லை என்று எழுத வந்தேன், ஆனால் சுண்ணாம்பு அடித்து மூன்று நாளாகிறது.

அடுப்பில் நான் வைத்த சொதிக்குக் காய் வெந்துகொண்டிருந்தது. அவள் காலில் ஏதோ தட்டியது. குனிந்து பார்த்தாள்.

"இது எதுக்கு?"

"தரை ஈரம்."

அவள் அதைப் புரட்டி அடியில் பார்த்தாள். "எங்கப்பா சீரோட குடுத்த மணை. கல்யாண போட்டோவுக்கும் இதுமேலதான நின்னிய."

எனக்குக் கரண்டி கையிலேயே நின்றுவிட்டது. போட்டோக்காரர் முழங்காலுக்குக் கீழே வராமல்தான் எடுத்தார். அப்போது தலைகுனிந்திருந்த அவள் அதைப் பார்க்கவில்லை என்றுதான் இத்தனை காலமும் நம்பியிருந்தேன்.

"உனக்குத் தெரியுமா?"

"தல குனிஞ்சிருந்தா கீழ இருக்கதுதான தெரியும்" என்றாள். மணையை மறுபடி தரையில் வைத்தாள். குரல் உயரவில்லை. "நீங்க ஏறி நின்னத இன்னைக்கு வரைக்கும் ஒரு ஆள்கிட்ட நான் சொன்னதில்ல. அபிக்குக்கூடத் தெரியாது. நான் குனிஞ்சு நின்னத மாப்ளைகிட்டச் சொல்லிச் சிரிச்சிய."

முப்பத்து மூன்று வருஷம் கைகொடுத்த பழமொழிகூட வரவில்லை.

அவள் நாற்காலியை இழுத்து அடுப்பங்கரை நிலைப்படிக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். காலை நீட்டிக்கொண்டாள்.

"மொதப் பால் ஊத்துற நேரம். கொதிக்க விட்றாதிய. எலுமிச்சம்பழம் எறக்கி வச்ச பெறவு." பிறகு மணையைக் காலால் என் பக்கம் தள்ளினாள். "ம், ஏறுங்க."

ஏறினேன்.

ஜூலை 15, செவ்வாய்

இரண்டு நாள் முடிந்துவிட்டது. போகிற பேச்சு இல்லை. நானாகக் கேட்கப் போவதுமில்லை. அங்கே விட்டுவந்த சேலைகளைப் பார்சலில் அனுப்பச் சொல்லி அபிராமியிடம் போனில் சொன்னது காதில் விழுந்தது.

காலைத் தோசை அவள் சுட்டாள். மத்தியானமும் ராத்திரியும் இனி என் பொறுப்பாம், டாக்டர் சொன்னாராம். எந்த டாக்டர் என்று கேட்கவில்லை. புது வெள்ளையில் அதற்குள் ஒரு மெரூன் பொட்டு ஒட்டியிருக்கிறது.

மணை வழுக்குகிறது. அடியில் ரப்பர் ஒட்ட வேண்டும்.